ஒரே சட்டையில் ஓர் ஆயுள்: சைலேன் மன்னாவும் அவர் காலத்துக் கால்பந்தும்

இந்தியக் கால்பந்து அணியின் 1940களின் பிற்பகுதியையும் 1950களின் தொடக்கத்தையும் சேர்ந்த குழுப்படங்களைப் பார்ப்பவர் கண், முகங்களை விட்டுப் பாதங்களில்தான் முதலில் போய் நிற்கும். முழங்காலைத் தொடும் தொளதொளத்த அரைக்கால்சட்டை, கணுக்காலையும் நடுப்பாதத்தையும் இறுக்கிச் சுற்றிய வெள்ளைத் துணிப்பட்டி, அதற்குக் கீழே புல்லில் பதிந்திருக்கும் வெறும் விரல்கள் என்று அந்தப் படங்கள் காட்டும் தோற்றம் இன்றைய பார்வையாளருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் அக்காலக் கல்கத்தாவில் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் துணிப்பட்டி ஒன்றே போதும், மழையில் நனைந்த தோல்பந்தின் வாடையும், சேறாகிப்போன ஆடுகளமும், மரப்பலகை இருக்கைகளில் நெருக்கியடித்து எழுந்த கூச்சலும் ஒருங்கே திரும்பி வந்துவிடும். அந்தப் படங்கள் பலவற்றில் அணித்தலைவருக்குரிய இடத்தில் இருப்பவர் சைலேந்திரநாத் மன்னா என்னும் சைலேன் மன்னா. 1942 முதல் 1960 வரை மோகன் பகான் என்ற ஒரே பெருங்கழகத்திற்காக ஆடியவரும், 1951இல் முதலாம் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குக் கால்பந்துத் தங்கத்தைப் பெற்றுத்தந்த அணியின் தலைவருமான அவரது வாழ்க்கையை நினைவுகூர்வது, கழக விசுவாசம், நாட்டு அணியின் தலைமை ஆகிய இரண்டும் ஒரே மனிதரிடம் எவ்வாறு ஒன்றையொன்று வளர்த்தன என்பதை நினைவுகூர்வதாகவும் அமைகிறது.

மன்னா பிறந்தது 1924 செப்டம்பர் 1 அன்று, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள ஹவுரா மாவட்டத்தின் பியாண்ட்ரா என்னும் ஊரில். ஆற்றைக் கடந்தால் கல்கத்தா. கல்கத்தாவில் கால்பந்து என்றால் மைதான். வில்லியம் கோட்டையைச் சூழ்ந்து கிடக்கும் அந்தப் பரந்த புல்வெளி இராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்ததால், அங்கே கழகங்கள் நிலையான கட்டடம் எழுப்பிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. கூடாரங்களை அமைத்தே அவை தம் பணிகளை நடத்தின. பின்னாளில் கூடாரத்திற்குப் பதில் மரமும் தகரமும் வந்த பிறகும் கழக அலுவலகத்தை 'டென்ட்' என்றே அழைக்கும் வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. கல்கத்தா லீக் எனப்படும் நகரக் கழகங்களுக்கிடையிலான தொடர் ஆட்டம் கோடையின் கடைசியில் தொடங்கி மழைக்காலம் முழுவதும் நடைபெறும் என்பதால், வங்காளத்துக் கால்பந்து நினைவுகளில் மழை பெய்யாத பிற்பகல்கள் அரிது. அலுவலகம் விட்ட குமாஸ்தாக்கள் குடையும் கையுமாக மைதானை நோக்கி விரைவதும், நுழைவுச்சீட்டு கிடைக்காதவர்கள் கோட்டைப் பக்கத்து மேட்டில் நின்று பார்ப்பதும், ஆட்டம் முடிந்த பின் சேற்றுக் கால்களோடு டிராம் வண்டிகளை நிறைப்பதும் அந்நகரத்தின் மாலைப்பொழுதுகளாக இருந்தன.

அந்த மைதானின் பெருங்கதை 1911ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1889இல் தொடங்கப்பட்ட மோகன் பகான் கழகம், ஷிப்தாஸ் பாதுரியின் தலைமையில், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு எனப்படும் கேடயப் போட்டியின் இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்றது. வென்ற பதினொருவரில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர், எதிர்த்து நின்ற ஆங்கிலேயப் படைவீரர்கள் ஆணி பதித்த பூட்ஸ் அணிந்திருந்தனர். கூட்டத்தின் பின்வரிசையில் நின்றவர்களுக்குக் கோல் நிலவரத்தைத் தெரிவிக்கப் பட்டம் பறக்கவிடப்பட்டது என்ற செய்தியை வங்காளக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தன. மன்னா பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன் நிகழ்ந்த வெற்றி அது; எனினும் அவர் காலத்துச் சிறுவர்கள் அதை நேரில் பார்த்தவர்களைப் போலவே பேசி வளர்ந்தனர். அக்கழகத்தின் தடுப்பாட்டக்காரரும், 'சீனப் பெருஞ்சுவர்' என்ற பட்டப்பெயர் பெற்றவருமான கோஷ்ட பால் 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் நகரத்தின் நாயகனாக விளங்கியிருந்தார். பச்சையும் அரக்கு நிறமும் கலந்த அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வது ஹவுராவின் ஓர் இளைஞனுக்கு ஊதியத்தால் அளக்கக்கூடிய காரியமாக இருந்ததில்லை.

இரண்டாம் நிலை அணியாக இருந்த ஹவுரா யூனியனில் ஆடத் தொடங்கிய மன்னா, 1942இல் மோகன் பகானுக்கு வந்தார். உலகப் போரும், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கமும், அடுத்த ஆண்டிலேயே வங்காளத்தை வாட்டிய பெரும்பஞ்சமும், பின்னர் மதக் கலவரமும் பிரிவினையும் அந்நகரத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் குலைத்துப்போட்ட காலத்தில்தான் அவரது முதற்பருவங்கள் கழிந்தன. 1911க்குப் பிறகு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு மோகன் பகானின் கைக்கு மீண்டும் வருவதற்கு முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. அந்த வெற்றி 1947இல், நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் கிட்டியது. அடுத்த ஆண்டும் கேடயம் அங்கேயே தங்கியது. தில்லியின் புகழ்பெற்ற டூராண்ட் கோப்பையை அக்கழகம் முதன்முறையாக வென்றது 1953இல். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை முதன்முறையாக வென்றது 1955இல். இந்த நான்கு வெற்றிகளும் மன்னாவின் பத்தொன்பது பருவங்களுக்குள் அடங்குகின்றன என்பதே, அவர் கழகத்தில் இருந்த காலம் எத்தகையது என்பதற்குச் சான்றாகும்.

அக்கால அணி அமைப்பில் கோல்கீப்பருக்கு முன்னால் இருவர் மட்டுமே பின்காப்பில் நிற்பர். அவர்களுக்கு ஃபுல் பேக் என்று பெயர். அவர்களுக்கு முன் மூவர், அதற்கும் முன் ஐந்து முன்வரிசை ஆட்டக்காரர்கள் என்ற இந்த அமைப்பில், எதிரணியின் ஐவர் பாய்ந்து வரும்போது தடுக்கும் பொறுப்பின் பெரும்பகுதி அந்த இருவரையே சாரும். மன்னா இடப்பக்கத்து ஃபுல் பேக். முரட்டுத்தனமாக மோதுவதைவிட, பந்து எங்கே வரும் என்பதைக் கணித்து அங்கே முன்கூட்டியே நிற்பதையே அவர் தம் ஆட்டமாகக் கொண்டிருந்தார் என்று அவரைப் பார்த்தவர்கள் கூறுவர். அவரிடம் எதிரணிகள் அஞ்சிய மற்றொன்று, விதிமீறலுக்கு ஈடாகத் தரப்படும் ஃப்ரீ கிக். அக்காலப் பந்து, தடித்த தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே காற்றுப்பையை வைத்து, வாயைத் தோல்வாரால் இழுத்துக் கட்டியதாக இருந்தது. மழையில் தோல் நீரை உறிஞ்சிக்கொள்ள, ஆட்டம் போகப்போகப் பந்தின் கனமும் ஏறிக்கொண்டே போகும். வார் முடிச்சு மேலே இருக்கும்படி பந்து கிடந்தால் வெறும் பாதத்தில் உதைப்பவருக்குத் தோல் உரிந்துவிடும். ஆகவே பந்தை வைக்கும்போதே முடிச்சைத் திருப்பி வைத்து, துணிப்பட்டி சுற்றிய நடுப்பாதத்தின் எலும்புப் பகுதியால் அறைவது போல உதைக்க வேண்டும். அவ்வாறு உதைத்தே நெடுந்தொலைவிலிருந்து கோல் வாயைக் குறிவைக்கும் வலிமை மன்னாவின் காலுக்கு இருந்தது.

வெறுங்கால் ஆட்டத்தை வறுமையின் அடையாளமாக மட்டும் காண்பது பிழையாகும். உலர்ந்த தரையில், விரல்களால் பந்தைத் தடவி நிறுத்தவும் சட்டெனத் திருப்பவும் பூட்ஸ் இல்லாத கால் பெரிதும் உதவியது. வங்காளத்தவரும் தென்னகத்தவரும் அதை ஒரு கலையாகவே வளர்த்திருந்தனர். ஆனால் ஈரத்தரையில் அந்தக் கால் வழுக்கியது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம், மழை நாள்களில் தன் ஆட்டக்காரர்களுக்குப் பூட்ஸ் அணிவித்தே அந்தத் தடையைக் கடந்தது. பாடம் அப்போதே கண்முன் இருந்தும், நாட்டு அணி அதைக் கற்றுக்கொள்வதற்கு மேலும் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் மன்னாவும் அவரது தோழர்களும்.

கழக விசுவாசம் என்ற சொல் இன்று பேசப்படும் பொருளில் அன்று வழங்கவில்லை. ஆட்டக்காரர்கள் சட்டப்படி அமெச்சூர்கள், அதாவது ஆட்டத்திற்கு ஊதியம் பெறாதவர்கள். வயிற்றுப்பாட்டுக்கு ரயில்வே, சுங்கத்துறை, துறைமுகம் போன்ற அலுவலகங்களில் ஒரு வேலை, மாலையில் மைதான் என்பதே பலரது வாழ்க்கைமுறை. மன்னா இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணிபுரிந்தார். ஆயினும் ஆண்டுதோறும் ஆட்டக்காரர்கள் கழகம் மாறும் காலம் ஒன்று உண்டு. வங்காளிகள் அதைத் 'தல்பதல்' என்பர், அணிமாற்றம் என்று பொருள். அந்த நாள்களில் ஒரு கழகத்தின் ஆட்களுக்குத் தெரியாமல் மற்றொரு கழகத்தார் ஆட்டக்காரரை மறைவிடத்தில் தங்கவைத்து, கையெழுத்திடும் நாளில் கூட்டமாகச் சூழ்ந்து அழைத்து வருவதெல்லாம் பிற்காலத்தில் பெரிதாக வளர்ந்த வழக்கங்கள். நல்ல வேலை வாங்கித்தருவதாகவும், கைச்செலவுக்குத் தொகை தருவதாகவும் ஆசைகாட்டுதல் அமெச்சூர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆதலால் அக்காலத்தில் அனைவரும் ஒரே கழகத்தில் இருந்தனர் என்று எண்ணிக்கொள்வது வரலாறாகாது. போவதற்கு வழியிருந்தும் பத்தொன்பது பருவங்கள் போகாமல் இருந்தவர் என்பதாலேயே மன்னாவின் பெயர் தனித்து நிற்கிறது.

அந்த விசுவாசத்தின் மறுபக்கத்தில் ஈஸ்ட் பெங்கால் நின்றது. 1920இல் தோன்றிய இக்கழகம், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களின் உணர்வுக்கு உறைவிடமாயிற்று. பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்து குவிந்த குடும்பங்களுக்கு அதன் சிவப்பும் பொன்னிறமும் இழந்த ஊரின் நிறங்களாகவே தெரிந்தன. மோகன் பகான் வென்ற நாளில் இறால் விற்கும், ஈஸ்ட் பெங்கால் வென்ற நாளில் ஹில்சா மீன் விற்கும் என்று கல்கத்தாச் சந்தை பேசும் வழக்கு இந்தப் போட்டியிலிருந்து பிறந்தது. 1949இல் தொடங்கி மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்ற ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையை மக்கள் 'பஞ்ச பாண்டவர்' என்று அழைத்தனர். காக்கிநாடாவின் அப்பாராவ், பெங்களூரின் தன்ராஜ், வெங்கடேஷ், அகமது கான், கேரளத்தின் சாலே என்ற அந்த ஐவரும் தென்னகத்திலிருந்து சென்றவர்கள். அவர்கள் அலையலையாக வருவதைத் தடுத்து நிறுத்துவதே மன்னாவின் கடினமான மாலைப்பொழுதுகளாக இருந்தன. லீக் ஆட்டத்தில் அகமது கானையும் வெங்கடேஷையும் எதிர்த்து நின்ற அதே மன்னா, நாட்டு அணியில் அவர்களுக்குத் தலைவராகவும் இருக்க வேண்டியிருந்தது. ஒரு கழகத்தின்மீது கொண்ட பற்று எவ்வளவு ஆழமாக இருந்தாலும், எதிர்க்கழகத்தாரின் மதிப்பையும் பெற்றிருந்தாலன்றி இது இயலாது. மன்னா அதைப் பெற்றிருந்தார் என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

விடுதலை பெற்ற இந்தியாவின் கால்பந்து அணி முதன்முதலில் உலக அரங்கில் ஏறியது 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில். அணித்தலைவர், நாகாலாந்தைச் சேர்ந்தவரும் மருத்துவம் பயின்றவரும் மோகன் பகானில் மன்னாவின் தோழருமான தாலிமெரன் ஆவ். லண்டன் புறநகரான இல்ஃபர்டில் பிரான்சுக்கு எதிராக ஜூலை 31 அன்று நடந்த ஆட்டத்தில் இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் இறங்கினர். பிரான்சு முதலில் ஒரு கோல் அடித்தது. எழுபதாவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கால்பந்துக் கோல் மைசூர் அணிக்காக ஆடிவந்த ராமனின் காலிலிருந்து பிறந்தது என்பது தென்னாட்டுக் கால்பந்தின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகளும் கிடைத்திருந்தன. பெனால்டி என்பது கோலுக்கு மிக அருகில் நிகழும் விதிமீறலுக்காக, கோல்கீப்பர் ஒருவர் மட்டும் எதிர்நிற்க, பன்னிரண்டு கெஜத்திலிருந்து உதைக்கத் தரப்படும் வாய்ப்பு. இரண்டும் கோலாகவில்லை, அவற்றுள் ஒன்றை உதைத்தவர் மன்னா. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இரண்டாவது கோலை அடித்து 2–1 என்று வென்றது.

லண்டன் மக்கள் தோற்ற அணியைக் கைதட்டி வாழ்த்தினர். அரண்மனை விருந்தின்போது மன்னர் ஆறாம் ஜார்ஜ், வெறுங்காலுடன் இவ்வளவு வலிமையாக உதைக்கும் அந்தக் கால் எஃகால் ஆனதா என்று மன்னாவின் காற்சட்டையை உயர்த்திக் காட்டச் சொன்னதாக ஒரு கதை இந்தியக் கால்பந்து வட்டாரத்தில் நெடுங்காலமாக வழங்குகிறது. கதை எப்படியோ, தவறவிட்ட பெனால்டி உண்மை. அதன்பிறகும் ஒரு தடுப்பாட்டக்காரரை நாட்டு அணியின் தலைமைக்கு உரியவராகத் தேர்வாளர்கள் கருதினர் என்றால், ஒரு தோல்வியின் சுமையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆட்டத்திற்குத் தயாராகும் தன்மையை அவரிடம் அவர்கள் கண்டிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோற்று ஞாயிற்றுக்கிழமை மீண்டும் அதே ரசிகர்கள் முன் இறங்க வேண்டிய கழக வாழ்க்கையே அந்தத் தன்மையைப் பயிற்றுவிக்கும் பள்ளிக்கூடமாக இருந்தது எனலாம்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், பிரேசிலில் நடைபெறவிருந்த 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. தகுதிச்சுற்றில் இருந்த பிலிப்பைன்சும் இந்தோனேசியாவும் பர்மாவும் விலகிக்கொண்டதால், ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே இடம் கிடைத்தது. சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகிய நாடுகள் இருந்த பிரிவில் இந்தியாவின் பெயரும் இடம்பெற்றது. ஆனால் அணி புறப்படவில்லை. பயிற்சிக்குப் போதிய காலம் இல்லை என்பதும், அணித்தேர்வில் உடன்பாடு ஏற்படவில்லை என்பதும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தரப்பில் சொல்லப்பட்ட காரணங்கள். காலப்போக்கில் அவை மறைந்து, வெறுங்காலுடன் ஆட ஃபிஃபா அனுமதிக்க மறுத்ததால்தான் இந்தியா போகவில்லை என்ற கதை நிலைபெற்றுவிட்டது. ஏழ்மையும் தன்மானமும் கலந்த அந்தக் கதை கேட்பதற்கு இனிமையாக இருந்ததால் பாடநூல்களும் பத்திரிகைகளும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லின. அந்த அணிக்குத் தலைவராகச் சென்றிருக்க வேண்டிய மன்னாவோ முதுமையில் அளித்த பேட்டிகளில் அதை மறுத்தார்: பூட்ஸ் என்பது பின்னால் சொல்லப்பட்ட சாக்கு, தங்களுக்கு அப்போது ஒலிம்பிக்கே எல்லாமாக இருந்தது, உலகக் கோப்பை என்பது இன்னதென்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை, தெரிந்திருந்தால் ஆட்டக்காரர்களே முயற்சி எடுத்திருப்பார்கள் என்பதே அவரது கருத்தின் சாரம். தமக்கும் தம் தலைமுறைக்கும் பெருமை சேர்க்கும் ஒரு கதையைத் தாமே மறுத்து, வாய்ப்பு வீணானதை வீணானதாகவே ஏற்றுக்கொண்ட இந்த நேர்மையை, அவரது கோப்பைகளுக்கு இணையாக வைத்து எண்ணத் தகும்.

1951 மார்ச்சில் தில்லியில் முதலாம் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. பயிற்சியாளர் ஐதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளரான அவரை எல்லாரும் ரஹீம் சாகேப் என்றே அழைத்தனர். அணியில் ஐதராபாத் காவல்துறையின் நூர் முகமது இருந்தார், ஈஸ்ட் பெங்காலின் அகமது கானும் வெங்கடேஷும் சாலேயும் இருந்தனர், ரயில்வே அணியின் மேவாலால் இருந்தார். இவர்களுக்குத் தலைவர் மோகன் பகானின் மன்னா. உருதும் வங்காளமும் தமிழும் கன்னடமும் மலையாளமும் புழங்கிய அந்தப் பாசறையில் அனைவருக்கும் பொதுவான மொழி ஆட்டம் ஒன்றே. இந்தோனேசியாவை 3–0 என்றும், ஆப்கானிஸ்தானை 3–0 என்றும் வென்று இறுதிக்கு வந்த இந்தியா, பூட்ஸ் அணிந்து உடல்வலிமையோடு ஆடிய ஈரானை எதிர்கொண்டது. பிரதமர் ஜவாகர்லால் நேரு பார்வையாளர் வரிசையில் இருந்தார். மேவாலால் அடித்த ஒரே கோல் ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்தது. எஞ்சிய நேரம் முழுவதும் அந்த ஒரு கோலைக் காத்து நின்றதில் மன்னாவின் பின்காப்புக்குப் பெரும்பங்கு உண்டு. விடுதலைக்குப் பின் நான்கே ஆண்டுகளில், ஒரு பன்னாட்டுப் போட்டியின் கால்பந்துத் தங்கம் இந்தியாவின் கைக்கு வந்தது.

அடுத்த ஆண்டே ஹெல்சின்கி ஒலிம்பிக் வந்தது. வட ஐரோப்பாவின் குளிர்ந்த, ஈரமான தரையில், அக்காலத்தின் மிகச் சிறந்த அணிகளுள் ஒன்றான யுகோஸ்லாவியாவுக்கு எதிராக, பலர் வெறுங்காலுடன் இறங்கினர். முடிவு 10–1. பிராங்கோ செபெக் ஒருவர் மட்டுமே நான்கு கோல்கள் அடித்தார். இந்தியாவின் ஒரே கோலை இறுதிக்கட்டத்தில் அகமது கான் அடித்தார். அந்த யுகோஸ்லாவியா பின்னர் இறுதியாட்டம் வரை சென்று ஹங்கேரியிடம் தோற்று வெள்ளி பெற்றது என்பதை நினைத்தால் தோல்வியின் கடுமை சற்றுக் குறையக்கூடும். ஆனால் பத்து முறை வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து நடுக்கோட்டுக்கு அனுப்பிய அணியின் தலைவருக்கு அன்று அந்த ஆறுதல் இருந்திருக்காது. அதன்பிறகே பன்னாட்டு ஆட்டங்களுக்குப் பூட்ஸ் கட்டாயம் என்று இந்தியக் கூட்டமைப்பு முடிவெடுத்தது. முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மன்னாவும் அவரது வயதொத்தவர்களும், சிறுவயது முதல் பழகிய ஆட்டத்தை மாற்றிக்கொண்டு, பாதத்திற்கும் பந்துக்கும் இடையே தோல் வந்து நிற்கும் புதிய உணர்வுக்குப் பழக வேண்டியவர்கள் ஆனார்கள். புகழின் உச்சியில் இருப்பவர் மீண்டும் மாணவராவது எளிதன்று; மன்னா அதன்பின்னும் எட்டுப் பருவங்கள் கழகத்திற்காக ஆடினார்.

இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகள் மோதிய கொழும்புக் கோப்பை 1952இல் கொழும்பில் தொடங்கியது. முதல் ஆண்டு இந்தியாவும் பாகிஸ்தானும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் ரங்கூனிலும் கல்கத்தாவிலும் டாக்காவிலும் நடந்த போட்டிகளில் இந்தியாவே வென்றது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்வரை ஒரே நாட்டு அணிக்கு உரியவர்களாக இருந்தவர்கள் எதிரெதிர் அணிகளில் நின்று ஆடிய அந்த ஆட்டங்களுக்கு, வெற்றி தோல்விக்கு அப்பாற்பட்ட ஓர் ஆழம் இருந்தது. இங்கிலாந்துக் கால்பந்து சங்கத்தின் ஆண்டுமலர் 1953இல் உலகின் சிறந்த பத்து அணித்தலைவர்களுள் ஒருவராக மன்னாவைக் குறித்தது என்று அவரைப் பற்றிய குறிப்புகள் பலவும் கூறுகின்றன. 1954இல் மணிலாவில் நடந்த இரண்டாம் ஆசியப் போட்டியில் ஜப்பானை 3–2 என்று வென்ற அவரது அணி, இந்தோனேசியாவிடம் தோற்று வெளியேறியது. பெற்ற தங்கத்தைக் காத்துக்கொள்ள இயலாத அந்த ஏமாற்றமும் அவரது தலைமையின் கணக்கிலேயே சேர்கிறது.

அதே 1954இல் மோகன் பகானின் மூத்தோர் அணிக்குள் பதின்வயது இளைஞர் ஒருவர் நுழைந்தார். அவர் சுனி கோஸ்வாமி. மன்னாவோடு ஆடி வளர்ந்த கோஸ்வாமி, தாமும் வேறெந்தக் கழகத்திற்கும் போகாமல் 1968 வரை மோகன் பகானிலேயே ஆடினார். 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என்று வென்று இந்தியா மீண்டும் ஆசியத் தங்கம் பெற்றபோது அணித்தலைவர் அவர்தான். பயிற்சியாளர் அதே ரஹீம். கால்பந்தில் இந்தியா பெற்ற ஆசியத் தங்கங்கள் இரண்டே. அந்த இரண்டு அணிகளுக்கும் தலைமை தாங்கிய இருவரும் ஒரே கழகத்தில், ஒரே டென்டில், சில பருவங்கள் தோளோடு தோள் நின்று ஆடியவர்கள். இதைத் தற்செயல் என்று தள்ளிவிடுவதற்கில்லை. மூத்தவர் நிலையாக இருக்கும் இடத்தில்தான் இளையவர் கற்றுக்கொள்ள முடியும்; எப்போது பேச வேண்டும், எப்போது நடுவரிடம் வாதிடாமல் திரும்ப வேண்டும், தோற்ற மாலையில் ரசிகர் முன் எப்படி நடந்துபோக வேண்டும் என்பனவற்றைப் பயிற்சிக் கையேடுகள் கற்றுத்தருவதில்லை. கழக விசுவாசம் நாட்டு அணிக்குத் தரும் மிகப் பெரிய பயன் இந்தக் கைமாற்றமே.

ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் மன்னா மைதானை விட்டு விலகவில்லை. கழகத்தின் நிருவாகத்திலும் பங்கேற்றார். கோஷ்ட பாலுக்குப் பின் பத்மஸ்ரீ விருது பெற்ற கால்பந்து ஆட்டக்காரர் என்ற பெருமை 1971இல் அவருக்குக் கிடைத்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2000ஆம் ஆண்டில் அவரை ஆயிரமாண்டின் கால்பந்து வீரர் என்று சிறப்பித்தது. மோகன் பகான் தன் உயரிய விருதான மோகன் பகான் ரத்னாவை 2001இல் வழங்கியது. 2012 பிப்ரவரி 27 அன்று, எண்பத்தேழாம் வயதில், கொல்கத்தாவில் அவர் காலமானார்.

இன்றைய இந்தியக் கால்பந்தின் நிலை முற்றிலும் வேறு. ஆட்டம் தொழிலாகிவிட்டது, ஒப்பந்தமும் முகவரும் மாற்றுக்கட்டணமும் இயல்பான சொற்களாகிவிட்டன. தம் தொழில்வாழ்க்கையை 2002இல் மோகன் பகானில் தொடங்கிய சுனில் சேத்ரி பல கழகங்களுக்கு ஆடியவர். எனினும் நாட்டு அணிக்கு அவர் அளித்த ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பையும், 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் குவைத்துக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்கு ரசிகர்கள் தந்த வழியனுப்புதலையும் பார்த்தவர், கழகம் மாறியவரிடம் விசுவாசம் இல்லை என்று சொல்லத் துணியமாட்டார். ஊதியம் பெறுவது பற்றைக் குறைக்கிறது என்ற பழைய எண்ணம் நியாயமானதும் அன்று. மன்னாவின் தலைமுறை ஊதியமின்றி ஆட முடிந்ததற்கு அரசு அலுவலகங்கள் தந்த வேலைகளே அடித்தளம். அந்த வேலைகள் கிடைக்காத எத்தனையோ திறமையாளர்கள் ஆட்டத்தை விட்டே போயிருப்பர். 2020இல் வேறொரு கழகத்தோடு இணைக்கப்பட்டு மோகன் பகானின் பெயருக்கு முன் ஏடிகே என்ற எழுத்துகள் சேர்ந்தபோது, அவற்றை நீக்கும்படி ரசிகர்கள் தெருவில் இறங்கிப் போராடினர். 2023இல் அந்த முன்னொட்டு நீங்கியது. தலைமுறைகள் மாறியும் பெயரையும் நிறத்தையும் காக்கும் உணர்வு ரசிகர்களிடம் மங்கவில்லை என்பதை அது காட்டியது.

விசுவாசம் பற்றிய விவாதங்களில் கேள்வி எப்போதும் ஆட்டக்காரரை நோக்கியே எழுப்பப்படுகிறது: ஏன் போனார், ஏன் தங்கவில்லை என்று. மன்னாவின் வாழ்க்கையை முழுமையாக நினைவுகூர்பவர் அந்தக் கேள்வியை நிறுவனங்களை நோக்கியும் திருப்ப வேண்டியவராகிறார். கழகத்திற்குப் பத்தொன்பது பருவங்களும், நாட்டுக்கு இரண்டு ஒலிம்பிக்குகளும் இரண்டு ஆசியப் போட்டிகளும் அவர் தந்தார். ஈரத்தரைக்குப் பூட்ஸ் வேண்டும் என்ற முடிவை எடுக்க அவரது அணி பத்து கோல் வாங்கும்வரை காத்திருந்தவர்களும், உலகக் கோப்பையின் அருமையை அவருக்குச் சொல்லாமலேயே கப்பலை விட்டவர்களும் ஆட்டத்தை நிருவகித்தவர்கள். அவர் அவர்களைக் கைவிடவில்லை. அவர்கள்தான் அவருக்குக் கடன்பட்டனர். இன்று ஆடவரும் இளைஞர்களுக்கு நல்ல ஆடுகளமும், தவறாத ஊதியமும், காலம் தாழ்த்தாத திட்டமும் அளிப்பதன் மூலமே அந்தக் கடனைத் தீர்க்க இயலும். அதைத் தீர்க்காமல் அவரது பெயரில் விருதுகள் மட்டும் வழங்குவது போதாது.